மீன் லாரி

ஏரி மேட்டில் இருக்கிறது.
வறட்சி பள்ளத்தில்.
போல் துறையிலிருந்து ஃபாயாவுக்கு
நாற்பது மூட்டை புகைமீன் ஏற்றிய லாரி
நாலு நாளாய் இறங்கிக்கொண்டே போகிறது,
ஆறு என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு
தண்ணீரை எப்போதோ கைவிட்ட ஒரு பள்ளத்தாக்கில்.

மூட்டைகளின் உச்சியில் யகானா.
முகத்தைச் சுற்றி மூன்று முழம் துணி.
அவள் மீன், அவள் கடன், அவள் கணக்கு.
கீழே ஸ்டியரிங்கில் கொஸ்ஸெய்,
காற்றைக் குறைத்த டயர்களின் பேச்சை
இடுப்பெலும்பால் கேட்டபடி.

மூன்றாம் நாள் ஒரு நீண்ட மணல்மேட்டில் ஏறியபோது
சக்கரத்தின் கீழ் சிப்பி நொறுங்கிற்று.
அலை வந்து வந்து திரும்பிய கரை அது.
ஓட்டுநர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர்
பல்கூச்சம்.

ஐந்தாம் நாள் மணல் தீர்ந்து
வெள்ளை தொடங்கிற்று.
சுண்ணாம்பு அல்ல, உப்பும் அல்ல.
நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும்,
கையில் எடுத்தால் எடையே இராது.
கண்ணுக்குத் தெரியாத பாசிகள்
கண்ணாடியில் வீடு கட்டி வாழ்ந்து
ஒன்றின்மேல் ஒன்றாய் இறங்கிப் படிந்த தரை.
சக்கரத்துக்கு அதெல்லாம் தெரியாது.
மேலே அப்பளம், கீழே மாவு.
பின்சக்கரம் அப்பளத்தை உடைத்தது.

துகுயி மண்வெட்டியோடு குப்புறப் படுத்தான்.
ஒரு சாண் வெள்ளை.
அதன்கீழ் அடுப்படிபோல் கறுத்து ஒரு கோடு,
நாணல் அழுகிய காலமாய் இருக்கலாம்.
மறுபடி வெள்ளை, முழங்கை ஆழம்.
பிறகு மண்வெட்டியின் ஓசை மாறிற்று.
சிவந்த மணல். அதில் சாய்ந்து சாய்ந்து வரிகள்,
காற்றுக்கு மட்டுமே எழுத வரும் சாய்வு.
ஏரிக்கு அடியில் ஒரு பாலை.

நாம் நிலங்களைப் பக்கம் பக்கமாய்ப் பிரித்து வைத்தோம்.
இங்கே அவை
ஒன்றின் தலைமேல் ஒன்று படுத்திருக்கின்றன,
முறை வைத்து.

"இதுக்குக் கீழே?" என்றான் துகுயி.
"சக்கரமே அவ்வளவு ஆழம் போகலை,
நீ எதுக்குப் போறே" என்றான் கொஸ்ஸெய்.

இரும்புப் பலகையை உள்ளே திணிக்கையில்
ஏதோ தட்டிற்று.
உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு,
மேலே மணிமணியாய்ச் சொரசொரப்பு.
கல் என்று எறியக் கை ஓங்கினான்.

யகானா இறங்கி வந்தாள்.
கட்டைவிரலால் தடவினாள்,
விலை பேசுமுன் தடவுவாளே அப்படி.
கண் இருந்த வளைவைப் பார்த்தாள்.
"கெளுத்தி மண்டை.
என் மூட்டையில இதுல பாதிகூட இல்லை."
பிறகு அந்த வெள்ளைவெளியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு,
யார்மேலோ கோபம் வந்தவளாய்:
"இவ்வளவு பெருசா வளர விட்டிருக்காங்களே!
வலை இல்லாத ஊரா இது?"

வடகிழக்கில் இரண்டு மலைகளுக்கு நடுவிலிருந்து
காலையிலேயே வந்திருக்க வேண்டிய காற்று
அப்போதுதான் வந்தது.
ஏரியின் அடி எழுந்து
அவர்கள் தலைக்குமேல் போயிற்று,
மேற்கே, கடல் தாண்டி,
யாருடைய காட்டிலோ மழையோடு விழ.
அன்று தண்ணீர் எந்த உயரத்தில் நின்றதோ
ஏறக்குறைய அந்த உயரத்தில் தூசி நின்றது.
அதன் அடியில் லாரி,
நடுப்பகலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு.
மூவரும் அதன்கீழ் கிடந்தார்கள்.
யகானா மண்டைத் தகட்டை
வயிற்றோடு அணைத்திருந்தாள், உடைந்துவிடுமென்று.

ஃபாயா சாவடியில்
எம்பைலாவ் மூட்டைகளை எண்ணினான்.
நாற்பது. சரி.
மேலே கிடந்ததைத் தூக்கிப் பார்த்தான்.
"இது?"
"மீன்."
"எந்த ஏரி?"
யகானா முகத்துணியை அவிழ்த்தாள்.
இமை, புருவம், மூக்கின் ஓரம் எல்லாம் வெள்ளை.
"அதே ஏரிதான்" என்றாள்.
"முன்னாடி பிடிச்சது."

அவன் சிரிக்கவில்லை.
தராசில் வைத்தான்.
புகைமீன் விகிதப்படி வரி எவ்வளவென்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கினான்.